ஒரு பல் தள்ளி

வார்டோ மீன் ஆலையில்
வெள்ளிக்கிழமை சம்பளம்.
பெயர், மணிநேரம், கூலி விகிதம்:
மூன்று பட்டியலையும் சேர்த்து
ஜிப்பை இழுத்துவிட்டு
காபி போடப் போனாள் சுன்னிவா.

டோர்கைர் அந்த வாரம் வேலைக்கே வரவில்லை.
மணிநேரப் பட்டியலில் அவனுக்கு
ஒரு பூஜ்யமாவது இருந்திருக்கலாம்;
வரியே இல்லை.
அடுத்தவன் உழைப்பு அவன் கணக்கில் ஏறியது,
அதற்கடுத்தவள் உழைப்பு அடுத்தவனுக்கு,
இப்படியே கடைசிவரை.
கூடக் கிடைத்தவர்கள் வாய் திறக்கவில்லை.
குறைந்தவர்கள் வரிப்பிடித்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நார்வே நெடுங்கணக்கின் கடைசி எழுத்தில்
தொடங்குகிறது ஓஷில்டின் பெயர்.
அவள் முறை வந்தபோது
மணிநேரம் தீர்ந்திருந்தது.
நிரல் நின்றது,
பிழையென்று ஒரு சொல் சொல்லாமல்.
எது குட்டையோ அது முடியுமிடத்தில்
அதற்கு உலகம் முடிகிறது.

திங்கள் காலை, கதவருகே ஓஷில்டு.
"நாற்பத்தொரு மணிநேரம் காட் மீன் வெட்டினேன்."
கோபமில்லை. தோளில் பனி.
அவசரத்தில் மாட்டிய கோட்டு,
ஒரு பல் தள்ளிப் பூட்டி
ஒரு பக்கம் மட்டும் தாடைவரை ஏறியிருந்தது.

சுன்னிவா திரையைப் பார்க்கவில்லை,
அந்த ஜிப்பையே பார்த்தாள்.
மேலே இழுத்துச் சரியாகாது.
அடிவரை இறக்க வேண்டும்.

டோர்கைர் அதற்குள்
புது பூட்ஸ் வாங்கிவிட்டான்.