காலை என்று எழுதியிருக்கிறது

டிரோம்சோவில் டிசம்பர்.
பகல் பதினொன்றரைக்கு மலைவிளிம்பில்
கொஞ்சம் நீலம் கசியும்,
ஒன்றரைக்குள் அதுவும் வடிந்துவிடும்.

நான்கு பேர், ஒரு மேசை, ஒரு நோயாளியின் கோப்பு.
மருத்துவம் படிக்கும் மாலென,
செவிலியம் படிக்கும் ஓட்னி,
இயன்முறை மருத்துவத்தில் ஈவர்,
பார்மசியில் நான்.
ஒரே வளாகத்தில் நான்கு வருஷம்,
மற்ற மூவரின் புத்தகத்தை
நான் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அஸ்லாக், வயது எண்பத்தொன்று.
மூன்று வாரத்தில் இரண்டு முறை விழுந்தவர்.
பதினோரு மருந்து.
எது எதோடு மோதும் என்று
இரவெல்லாம் சிவப்பு மையில் கோடிழுத்திருந்தேன்.
பார்க்க மீன்வலை மாதிரி இருந்தது.
மீன்தான் இல்லை.

"மூன்றாவதை நிறுத்திப் பார்க்கலாம்" என்றேன்.
"நிறுத்தினால் இதயம்?" என்றாள் மாலென,
பேனாவை மூடாமலே.

ஈவர் நாற்காலியை இழுத்துப் போட்டு
அவர் எப்படி எழுவார் என்று நடித்துக் காட்டினான்.
முதல் மூச்சில் ஒன்றுமில்லை.
இரண்டாவது மூச்சில்
கை சுவரைத் தேடுகிறது.
என் மருந்துக்குப் பக்கவிளைவு தெரியும்,
சதவீதத்தோடு தெரியும்.
அதற்கு ஒரு கை இருக்கிறது என்பதை
அன்றுதான் பார்த்தேன்.

ஓட்னி அதுவரை வாய் திறக்கவில்லை.
முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தாளாம்.
உலர்ந்த கலைமான் இறைச்சியைச் சீவி
காப்பியில் போட்டுக் கொடுத்தாராம்.
இரண்டாவது கோப்பையில்தான் சொன்னாராம்:
தூங்கி எழும்போதெல்லாம் போட்டுக்கொள்கிறேன்.

மதியம் தூங்கி எழுந்தாலும் இருட்டுதான்.
பெட்டியில் 'காலை' என்று எழுதியிருக்கிறதே.

அந்தச் சீட்டை ஒட்டியவள் நான்.
போன மாதம், மருந்தகப் பயிற்சியில்,
ஓரம் சுருங்காமல், நேராக.
தேதிக்கு முன்பே மாத்திரை வாங்க வந்தவரை
ஒழுங்கான மனிதர் என்று
மனதுக்குள் மெச்சியவளும் நான்தான்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதுச் சீட்டுக்கு அரைமணி நேரம் சண்டை.
"ஏழு மணிக்கு" என்றேன். எந்த ஏழு, என்றான் ஈவர்.
வானொலியை அவர் அணைப்பதே இல்லை, என்றாள் ஓட்னி.
மாலென மூத்த மருத்துவரைக் கேட்டு வந்தாள்.
கடைசியில் எழுதினோம்:
காலைச் செய்திகள் முடிந்ததும், ஒன்று.
போட்டபின் தேதியை அடிக்கவும்.

பதிவேட்டில் 'இன்று கற்றது' என்று
விரலகலத்தில் ஒரு கட்டம்.
'இரண்டாவது கோப்பைக் காப்பி' என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் பக்கத்தில்
கேள்விக்குறி போட்டிருக்கிறார்.