அல்லது

அயோவாவில் ஆகஸ்ட். லாக்கர் அறைக் கதவில் தாள்.
முதல் குவார்ட்டர்பேக் பிரான்சன். அதில் பேச்சில்லை.
அவனுக்குக் கீழே
ஹோல்ம்கிரென் அல்லது பெட்டிஃபோர்ட்.

மூன்று வாரமாய் அந்த ‘அல்லது’வில்தான்
குடியிருக்கிறோம் இரண்டு பேரும்:
ஒரே ஐஸ் தொட்டி, ஒரே வேர்க்கடலை வெண்ணெய் டப்பா.
அவன் நழுவவிட்ட பந்துகளை நான் எண்ணுவேன்,
என்னுடையதை அவன்.

ஜெயிப்பவனுக்குக் கிடைப்பது
அழுக்காகாத சட்டை,
கோட்டோரம் நிற்க இடம்,
பிரான்சனின் இரண்டு முழங்காலையும்
சனிக்கிழமைதோறும் பார்த்திருக்கும் வேலை.

நேற்று அவன் விழுந்தான்.
எழ ஒரு மூச்சு தாமதம்.
எங்கள் கைகள் சேர்ந்தாற்போல் ஹெல்மெட்டைத் தேடின.
எழுந்துவிட்டான்.
கைதட்டினோம், கொஞ்சம் கூடுதலாகவே.

இன்று தாளில் ‘அல்லது’ இல்லை.
என் பெயர் ஒரு வரி கீழே.
பெட்டிஃபோர்ட் பேசாமல் டப்பாவை என் பக்கம் தள்ளுகிறான்.

எனக்கு இனி
நாலு முழங்கால்.