எச் வரிசை

பள்ளி விடுமுறையின் இரண்டாம் வெள்ளி.
ஜெலுத்தோங் முழுக்க
வெயில் தாரைக் களியாய்க் கிண்டிக்கொண்டிருந்த மத்தியானம்
இரவுக் காட்சிக்குப் பதினான்கு டிக்கெட்
எடுக்கச் சொன்னார்கள் என்னை.
வீட்டில் திரை உடையாத கைப்பேசி
என்னுடையது ஒன்றுதான்.

கட்டங் கட்டமாய் இருக்கைகள்.
யாரை யார் பக்கத்தில் வைப்பது?
கல்யாணப் பந்திக்குக்கூட
இவ்வளவு யோசித்ததில்லை.
பெரியண்ணன் எச் ஒன்று.
சின்னண்ணன் எச் பதினான்கு.
நடுவில் பன்னிரண்டு பேர்,
மூன்று வருஷம் முன்பு விற்ற லாரி ஒன்று,
அதன் காசு.

அரங்கின் வாசலில் பையைத் திறக்கச் சொன்னான் பையன்.
உள்ளே டிஷ்யூவில் சுற்றிய மசால் வடைகள்.
"மருந்து" என்றார் கோமளவள்ளி அத்தை.
வெங்காயம் மணக்கிற மருந்து.
அவன் ஒருமுறை மோந்துவிட்டு
மேல்கூரையைப் பார்த்தான்.
போனோம்.

என் வரைபடம் விளம்பரம் முடிவதற்குள் செத்தது.
பாப்கார்ன் போகிற பக்கமெல்லாம்
பிள்ளைகள் போனார்கள்.
"குளிருது" என்று இரண்டு பேர் எழுந்தார்கள்,
"தூண் மறைக்குது" என்று ஒருவர்
(அந்த அரங்கில் தூணே இல்லை).
விளக்கு அணைந்தபின் எண்ணிப் பார்த்தேன்:
அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே
ஒரே ஓர் இருக்கை.
அதில் நாலு வயசு தர்ஷிகா.

படம் சுமார்தான்.
ஒரே உதையில் ஒன்பது பேர் பறந்தார்கள்,
ஒருத்தன் மட்டும் மறந்துபோய் நின்றான்.
நாயகன் வாய் திறக்குமுன்
கீழே மலாயில் எழுத்து வந்துவிடும்.
சியூ பெங் அண்ணி அதைப் படித்துச் சிரிப்பார்.
வசனம் கேட்டு, பிறகுதான் நாங்கள்.
ஒவ்வொரு நகைச்சுவையும்
அவரைத் தொட்டுவிட்டுத்தான்
எங்களிடம் வந்தது.

இடைவேளைக்குப் பின் தர்ஷிகா தூங்கிப்போனாள்.
தலை பெரியப்பாவின் மடியில்,
கால் சித்தப்பாவின் தொடையில்,
மிச்சம் அந்தரத்தில்.
சண்டைக்காட்சி முழுக்க
இரண்டு ஆண்களும் அசையவில்லை.
இருமலைக்கூட விழுங்கினார்கள்.
வில்லன் மலையிலிருந்து விழுகிற நேரம்
அவள் புரண்டாள்.

"காலப் புடி, விழுந்துருவா."

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு.
வில்லன் விழுந்ததை
எங்கள் வரிசையில் யாரும் பார்க்கவில்லை.

பாடாங் கோத்தாவில் மூன்று மேசைகளை ஒட்டிப் போட்டோம்.
கடல் உப்பை மட்டும் அனுப்பியது, காற்றை அல்ல.
பசெம்போர், மீ சோத்தோங்,
பதினோரு தே ஓ ஐஸ், ஒரு கோப்பி,
பிள்ளைகளுக்கு ஐஸ் கச்சாங் இரண்டு, கரண்டி ஆறு.
வசந்தமல்லி அக்கா சோத்தோங்கைத் தொடவில்லை.
வெள்ளிக்கிழமை.
பன்னிரண்டாக ஏழு நிமிடம்,
கடிகாரத்தை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.
"விடிஞ்சாத்தான் சனி" என்றார் அத்தை.
"பினாங்குல பன்னிரண்டுக்கே சனி" என்று
தட்டை இழுத்துக்கொண்டார் அக்கா.

அண்ணன்கள் ஒன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை.
ஒருவர் கால் மரத்ததென்று தேய்த்தார்,
மற்றவரும் தேய்த்தார்.
குழம்பு காரமா என்றார் ஒருவர்.
காரந்தான் என்றார் மற்றவர்.
லாரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை,
அது எங்கேயோ சிமெண்டு ஏற்றிக்கொண்டு
ஓடிக்கொண்டிருக்கும்.

நூற்று இருபத்தாறு வெள்ளி என்று
கடைக்காரர் சீட்டை வைத்தார்.
இரண்டு கைகள் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்தன.
"விடு."
"நீ விடு."
"நான் மூத்தவன்."
"அதனால?"
குரல் ஏறியது. பக்கத்து மேசை திரும்பியது.
ஐயோ மறுபடியுமா என்று
என் வயிற்றில் மீ சோத்தோங் புரண்டது.

சியூ பெங் அண்ணி சிரிக்க ஆரம்பித்தார்.
இங்கே கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை.
நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு
காத்திருந்தோம்.