தோன்றா எழுவாய்

முதலாண்டில் எல்லாரும் கைதட்டினார்கள்.
ஜப்பானியத்தில் காலை வணக்கம் சொன்னதற்கே
அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.
இப்போது நான்காம் பருவம்.
நேற்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து
இருமல் மருந்துப் பெட்டியின் பின்பக்கம் முழுவதையும் படித்தேன்.
யாரும் கேட்கவில்லை.

பாதிக் கிணறு தாண்டியவர்களுக்கென்று
ஓலோமோட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை இருக்கிறது.
மூன்றாம் மாடி.
சன்னலைத் திறந்தால் டிராம்.
மூடினால் ஸ்திஸ்லவாவின் வெங்காய ரொட்டி.
பன்னிரண்டு பேராய்த் தொடங்கினோம், ஏழு பேர் மிச்சம்.
மேலே புது எழுத்துகளை ஊற்ற ஊற்ற
அடியில் பழையவை ஒழுகிக்கொண்டிருக்கின்றன.

திறந்தது, திறந்தேன்.
உடைந்தது, உடைத்தேன்.
நாற்பது இணைகள் வெள்ளிக்கிழமைக்குள், என்கிறார் குவாபாத்தா.
எங்கள் செக் மொழியில் இவ்வளவு பாடில்லை.
வினையோடு ஒரு குட்டிச் சொல்லைத் தொங்கவிட்டால் போதும்,
குவளை தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்.
ரயில் நிலையச் சிற்றுண்டிக் கடையில் இதை நான் சோதித்திருக்கிறேன்:
தட்டுகள் உடைந்துவிட்டன, என்றேன்.
பதினொரு தட்டு சம்பளத்தில் பிடித்தார்கள்.

"தேநீர் போட்டிருக்கிறேன் என்று விருந்தாளியிடம் சொல்லாதீர்கள்.
தேநீர் ஆயிற்று என்று சொல்லுங்கள்.
போட்ட கை தெரியக் கூடாது."
அப்படியானால் போட்டது யார், என்றான் வ்ராதிஸ்லவ்.
"கெட்டிலைக் கேளுங்கள்," என்றார் குவாபாத்தா, சிரிக்காமல்.
அதையும் எழுதிக்கொண்டோம்.

உரையாடல் பயிற்சியில் எனக்கு ஜோடி ராதிம்.
இந்த ஆண்டு மட்டும் அவன்
என்னிடம் மூன்று குடை தொலைத்திருக்கிறான்,
என் வீட்டை வாடகைக்குப் பார்த்து வேண்டாமென்றிருக்கிறான்,
வயிற்று வலியோடு வந்து
வலியை விவரிக்கும் நான்கு சொற்களில்
மூன்றைத் தப்பாகச் சொல்லியிருக்கிறான்.
சனிக்கிழமை விருந்துக்கு அழைத்தேன்.
"சனிக்கிழமை கொஞ்சம்…" என்று இழுத்தான்.
இழுத்து, நிறுத்தி, முடிக்காமல் விட்டால்
மாட்டேன் என்று பொருள். பாடம் பதினொன்று.

பாடம் பதினாறு, முடிவுகளை அறிவித்தல்.
திருமணம் என்று ஆகிவிட்டது.
ஒசாகாவுக்கு மாறுவது என்று ஆகிவிட்டது.
நீங்களே இரவெல்லாம் விழித்து எடுத்த முடிவானாலும்
மழை பெய்ததுபோல் சொல்ல வேண்டும்.
ஆளுக்கொரு வாக்கியம்.
ஸ்திஸ்லவா: பூனை வளர்ப்பது என்று ஆகியிருக்கிறது.
நான்: முடியைக் குட்டையாக வெட்டுவது என்று.
ராதிம் எழுந்து நின்றான். இந்த வகுப்பில் யாரும் எழுந்து நிற்பதில்லை.
"இந்த மாதத்தோடு
படிப்பை நிறுத்துவது என்று ஆகிவிட்டது."

ஒரு வேற்றுமை உருபு பிசகவில்லை.
அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை.
"மிகச் சரி," என்றார் குவாபாத்தா.
பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே வட்டம் போட்டார்,
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்,
கூப்பிட்ட பிறகுதான்
பேனாவைக் கீழே வைத்தார்.

டிராம் நிறுத்தத்தில் சேற்றுப் பனி.
எங்கள் மொழியில் கேட்டிருக்கலாம்.
எங்கள் மொழியில் அவன் தப்பிக்க முடியாது,
நிறுத்தினேனா, நிறுத்தினார்களா
என்று வினையின் வால் காட்டிக்கொடுத்துவிடும்.
அதனாலேயே கேட்கவில்லை.
ஒரு காபி குடிக்கலாமா என்றேன், ஜப்பானியத்தில்.
"இன்று கொஞ்சம்…" என்றான்.

தலைக்குள் மொழிபெயர்க்காமல்
எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது.
பாதி வாக்கியம்.
நான்காம் எண் வந்தது, கதவு திறந்தது,
கதவு மூடியது.

இப்போது ஸ்திஸ்லவா என்னிடம் குடை தொலைக்கிறாள்.
ராதிம் மேசைக்குள் விட்டுப்போன அட்டைகள்
ரப்பர் வளையம் போட்டபடி என்னிடம் இருக்கின்றன.
நின்றது, நிறுத்தினேன் என்ற அட்டையின் பின்னால்
பென்சிலில் ட்ரினெட்ஸ் எஃகு ஆலையின் ஷிஃப்ட் நேரங்கள்:
ஆறு, பதினான்கு, இருபத்திரண்டு.
இருபத்திரண்டுக்கு அடியில் கோடு.

அதை என் அட்டைகளோடு சேர்த்துக் கலைத்தேன்.
வெள்ளிக்கிழமைத் தேர்வில்
அந்த இணை வரவில்லை.