ஜூன் மாதத்துப் பச்சை

டாம்வொர்த்தில் அக்டோபர் என்றால்
வெயில் ஏறும் காலம்.
மழைக்கு முந்திக் கொடியிலிருந்து
ஆஸ்பத்திரிச் சீருடைகளை எடுக்க ஓடிய மெரிடித்
ஐந்தாவது அடியில்
ஒற்றைக் காலில் நின்றாள்.

பிண்டி.
நெருஞ்சிக்கு உறவில்லை, காட்ட ஒரு மஞ்சள் பூவும் இல்லை.
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது,
வானம் பார்த்த ஒரு முனை.

முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்று சொன்னவர்
உள்ளங்காலில் பதினேழோடு
குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்ததில்லை.
அவளிடம் புருவம் திருத்தும் சாமணம் இருந்தது.
சீருடைகள் வெளியே நனைந்தன.

மூன்று அக்டோபராக இதே கதை.
மூன்று அக்டோபராக மருந்தும் அடித்தாள்.
செடி மஞ்சளாகிச் சுருண்டு செத்தது.
முள் சாகவில்லை.
சாக அதில் என்ன இருக்கிறது?
அது ஏற்கெனவே விதை.

"பிந்திவிட்டீர்கள்" என்றாள்
விதைக்கடைக் கல்லாவில் சூயிங்கம் மென்றபடி கீலி,
காசு வாங்காமலே.
"ஜூனில் வாருங்கள். உங்களுடையது கவுச்சா, பஃபலோவா?
பஃபலோ என்றால் இந்தப் புட்டி புல்லையும் கொன்றுவிடும்."

கவுச்.
நம் அருகம்புல்தான்.
வேரோடச் சொல்லி மணமக்களை வாழ்த்துகிறோமே,
அதே புல்.

ஜூன் வந்தது.
உறைபனியில் அருகு முழுக்க வைக்கோல் நிறம்.
அந்தப் பழுப்பில்
பச்சையாய் இருந்ததெல்லாம் குற்றவாளி.
கொத்தமல்லிக் கன்று மாதிரி இளசு,
நாம் என்றால் ஏமாந்து ரசத்தில் கிள்ளிப் போட்டிருப்போம்.
தொட்டால் பஞ்சு.
இன்னும் யாரையும் குத்தாத வயது.

வெண்ணெய்க் கத்தியோடு முட்டி போட்டாள்.
வேலியோரம் இருபது,
கொடிக்கம்பத்தடியில் முப்பது,
அதற்கு மேல் எண்ணவில்லை.
டார்சி பந்து வீச ஓடிவரும் தடத்தில்
புல்லே இல்லை. பச்சை மட்டும்.
மண் சிமெண்டாய் இறுகியிருந்தது.
ஓடிய கால்களே இடம் போட்டுக் கொடுத்திருக்கின்றன
தங்களைக் குத்தப் போவதற்கு.

பெரிய திட்டுகளுக்கு மருந்து,
லேபிளில் போட்ட அளவு, ஒரு சொட்டு கூடாமல்,
நாயைச் சலவையறையில் பூட்டிவிட்டு
காற்றில்லாத ஒரு காலையில்.
தடத்தில் கவைக்கோலைக் குத்தி ஆட்டி
மண்ணை மூச்சுவிட வைத்தாள்.
கிறிஸ்துமஸ் வரை பந்துவீச்சு தெருவில் என்றாள்.
டார்சி மூன்று நாள் பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் புல்வெட்டியை வெளியே இழுத்தபோதுதான்
அந்த நெம்புகோலைப் பார்த்தாள்.
ஒன்று முதல் ஐந்து வரை.
அது ஒன்றில் நின்றது.

க்ளென் வைத்தது.
சனிக்கிழமைதோறும் தரையோடு மொட்டை அடிப்பான்,
பில்லியர்ட்ஸ் மேசை போல் வேண்டும் அவனுக்கு.
மண் தெரியும்.
தெரிந்த மண்ணில் என்ன முளைக்கிறது என்று
அவன் குனிந்து பார்த்ததில்லை.
அவன் போய் மூன்று வருடம் ஆகியும்
அவள் அதே ஒன்றில்தான் வெட்டிக்கொண்டிருந்தாள்.

துரு பிடித்திருந்தது.
சுத்தியலால் இரண்டு தட்டு.
நான்கு.

மறுபடி அக்டோபர்.
அருகு கணுக்கணுவாய்க் கை நீட்டி
தடத்தின் இரு கரையையும் பிடித்துவிட்டது.
நடுவில் இன்னும் வழுக்கை.
பையனைக் கூட்டிப்போக வந்த க்ளென்
"புல் ஏறிக் கிடக்கிறதே, வெட்டவில்லையா?" என்றான்.
கனத்த பூட்ஸோடு நடுப்புல்லில் நின்றான்.
அவனை அங்கே வெறுங்காலோடு பார்த்ததாக
அவளுக்கு ஞாபகமே இல்லை.

"வெட்டினேன்."

கார் திரும்பிய பிறகு செருப்பைக் கழற்றினாள்.
ஐந்தாவது அடி.
ஆறாவது.
கொடிவரை போய்த் திரும்பும்போது, அந்த வழுக்கையில்,
ஒன்று.
வலித்தது, வழக்கம் போலவே.
கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிட்டு
நொண்டியபடி உள்ளே போய்
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்:

ஜூன். வெண்ணெய்க் கத்தி.