குயிலுக்கு முந்திய ரொட்டி

ஏப்ரல் முடிகிறது.
முஹு தீவின் கற்சுவர் இடுக்கில்
இன்னும் ஒரு கைப்பிடி பனி,
அதை ஒட்டியே நீலப்பூ.
ஆர்வோ ஆட்டுப்பட்டியில்.
மூன்று நாளாய் அவன் சட்டையில்
ஈரக் குட்டிகளின் வாசம்.

நான் சன்னலோரம் பை தைக்கிறேன்,
உள்ளங்கை அகலம், சுருக்குக் கயிறு,
ஒரு துண்டு கறுப்பு ரொட்டி கொள்ளும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு:
வசந்தத்தின் முதல் குயிலை
வெறும் வயிற்றோடு கேட்டுவிட்டால்
பறவை உன்னை ஏமாற்றிவிட்டது.
அந்த ஆண்டு முழுக்க
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது.
ஆகவே தலையணைக்கடியில் ரொட்டி,
கண் திறக்குமுன் கடித்துக்கொள்ள.
படுக்கையெல்லாம் துகள் உதிர்ந்தது;
பை தைத்தேன்.
போன வருடம் பதினொன்று விற்றது.
இந்த வருடம் முப்பத்திரண்டு கேட்டிருக்கிறார்கள்.

துணி பரணில் கிடைத்தது,
ஒரு பெட்டி நிறைய லினன் விரிப்புகள்.
ஒவ்வொரு மூலையிலும்
சிவப்புச் சிலுவைத் தையலில்
ஓர் எம்.

என் பெயர் ஹெல்மி.
எம் என்பது மைமு,
ஆர்வோவின் முதல் மனைவி,
ஒன்பது வருடம் முன்பு
ஒற்றைப் பெட்டியோடு போனவள்.
இப்போது படகுத்துறையில் காபிக்கடை.
'எடுத்துக்கொள்' என்றான் ஆர்வோ.
அவன் யாரைக் கேட்டுச் சொன்னான் என்று
நான் கேட்கவில்லை.
எம் இருந்த மூலைகளை மட்டும் வெட்டி
பொத்தான் டப்பாவில் போட்டேன்.
துணியை வெட்டத் துணிந்தவள்
எரிக்கத் துணியவில்லை.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அவள் குரல்:
'எனக்கும் ஒரு பை வேண்டும்.
பாப்பிப்பூ, ஸ்ட்ராபெரி எதுவும் வேண்டாம்.
குயில் தைத்துக் கொடு.'

குயில்.
அடுத்தவள் கூட்டில் முட்டையிடுவது.
ஊசி என் கையில்,
குத்தியது அவள்.
நூல் கோக்காமலே
விளக்கேற்றும் நேரம்வரை உட்கார்ந்திருந்தேன்.

சரி, தைத்துவிடலாம்; எப்படி இருக்கும் அது?
'சாம்பல் நிறம், பருந்துக்குத் தம்பி' என்றான் ஆர்வோ.
'வயிற்றில் மாலுமிச் சட்டைக் கோடு'
என்றார் தபால் கொண்டுவரும் லெம்பிட்.
பக்கத்து வீட்டுப் பையன்
சுவர்க்கடிகாரத்திலிருந்து எட்டிப்பார்ப்பதைச் சொன்னான்.
எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.
பார்த்தவர் ஒருவருமில்லை.

ஆர்வோவின் பழைய காலுறையைப் பிரித்துச்
சாம்பல் நூல் எடுத்தேன்.
முதல் குயில் கோழியானது. பிரித்தேன்.
இரண்டாவதற்குக் கழுத்தே இல்லை. பிரித்தேன்.
மூன்றாவதை அப்படியே விட்டேன்.
பிறகு, ஏனென்று தெரியாது,
பொத்தான் டப்பாவைத் திறந்து
ஒரு மூலைத்துண்டை எடுத்து
வாய்ப்பக்கம் வைத்துத் தைத்தேன்,
எம் வெளியே தெரியும்படி.

சனிக்கிழமை முதல் படகுக்கு முன்
சைக்கிளில் போனேன்.
மைமு கடைக்கதவைப் பாதி திறந்திருந்தாள்.
பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
கட்டைவிரல் எம் மீது நின்றது.
'இதில் ஒரு கால் கோணல்.
பதினேழு வயதில் போட்டது.
பிரிக்கச் சொன்னார்கள், பிரிக்கவில்லை.'
வேறெதுவும் சொல்லவில்லை.
பிறகு மறுபக்கம்: 'புறாவா?'
'குயில்.'
'பார்த்ததில்லை.'
'நானும்.'

கேட்டே விட்டேன்:
'எதற்குக் குயில்?'
'போன வருடம் வெறும் வயிற்றில் கேட்டுத் தொலைத்தேன்.
பக்கத்தில் வைத்துப் பழகலாமே என்று.'
'அவ்வளவுதானா?'
'அவ்வளவுதான்' என்றாள்,
கொஞ்சம் தாமதமாக.

ரொட்டி அறுத்தாள். வெண்ணெய் தடவினாள்.
'சாப்பிட்டாயா' என்று கேட்காமலே
பாதியை என் பக்கம் தள்ளினாள்.
வாசலில் நின்று மென்றோம், தண்ணீரைப் பார்த்தபடி.
குயில் கூவவில்லை.
படகு ஊதியது, அவள் உள்ளே போனாள்.

பைக்குப் பணம் வாங்கவில்லை என்பது
பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.
சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினேன்.
ஜூனிப்பர் புதர்களுக்கு அப்பால்
அப்போதுதான் அது, இரண்டு முறை.

பல்லிடுக்கில் இன்னும்
ரொட்டி இருந்தது.