ஓட்டின் இரண்டு பக்கம்

உடைந்த எண்ணெய்ச் சாடியின் ஓடு,
உள்ளங்கை அகலம்.
பத்திரத்துக்குத் தோல் வாங்க வக்கில்லை எங்களுக்கு.
முற்றுகையின் மூன்றாம் மாதம்.
எருசலேமில் புறாவின் விலை
ஆட்டின் விலையைத் தொட்டிருந்தது.

முன்பக்கத்தில் எழுதினேன்:
"சல்லூமின் மகள் யோயிஸ்மா
இன்றுமுதல் தன் கால்களுக்குத் தானே உரியவள்.
மக்சேயா இதற்குச் சம்மதம்."
கீழே மூன்று சாட்சி, ஒரு முத்திரை.

அவள் அப்பன் வாங்கியது ஏழு சேக்கல் வெள்ளி,
விதைக்கு இரண்டு மரக்கால் வாற்கோதுமை.
மழை பொய்த்த வருடம் மேலாடை அடகுபோனது,
பிறகு கழுதை,
பிறகு அவள்.
ஆறு வருடம் என்பது சட்டம்.
அவள் திரிகை சுற்றியது பதினொன்று.
யாரும் எண்ணவில்லை என்று சொல்லமாட்டேன்.
அவள் எண்ணினாள்.

ஆலய முற்றத்தில் கன்றைப் பிளந்து
இரு பாதியையும் எதிரெதிரே கிடத்தினார்கள்.
சொல் தவறினால் எங்களுக்கும் இந்தக் கதி என்று
நடுவே நடந்தார்கள் பிரபுக்கள்.
மக்சேயா அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார்,
கறை படக் கூடாதென்று.
கூட்டத்தின் கண் முழுக்க இறைச்சியில்.

களஞ்சியக் கணக்கும் என் கையெழுத்துதான்.
மக்சேயா வீட்டில் ஒன்பது வாய்க்கு நாலு நாள் மாவு.
நாலு பேரை விடுவித்தால் ஐந்து வாய்.
இரக்கம் இல்லை என்று சொல்ல நான் யார்?
கணக்கும் இருந்தது என்கிறேன்.

அன்று மாலை தொட்டியடியில் அனமூத் கேட்டாள்,
அம்மோன் நாட்டுக்காரி, கொள்ளையில் பிடிபட்டவள்:
"எனக்கு எந்த வருடம் ஏழாவது?"
அந்நியருக்கு ஏழாவது வருடம் கிடையாது.
எசமானின் பிள்ளைகளுக்கு
நிலத்தோடும் பாத்திரத்தோடும் போய்ச் சேர்வார்கள்.
நான் வாய் திறக்காமல்
அவள் வாளியை நிரப்பிக் கொடுத்தேன்.
என் முத்திரை மோதிரத்தில் பொறித்திருப்பது "அரசனின் அடிமை".
காட்டினால் வாயிற்காவலன் வழிவிடுவான்.
களத்தில் அடிபடுகிறவனுக்கும்
எங்கள் பேச்சில் அதே சொல்தான்.

எகிப்தின் படை கிளம்பியதாகச் சேதி வந்தது.
பாபிலோன்காரன் கூடாரத்தைச் சுருட்டினான்.
படை மிதிக்காத சரிவுகளில் கதிர் முற்றி நின்றது,
அறுக்க ஆளில்லை.
மூன்றாம் நாள் மக்சேயா அதே ஓட்டோடு வந்தார்.
"பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது?"

எழுதினேன்.
கை நடுங்கியதென்று சொன்னால் நன்றாயிருக்கும்.
நடுங்கவில்லை.
யோயிஸ்மா கீழ்த்தெருவில் ஒரு கூரைமேல்
வெங்காயம் நட்டிருந்தாளாம்.
முளை விட்டுவிட்டது, முளை விட்டுவிட்டது என்று
சொல்லிக்கொண்டே வந்தாள்,
யாரிடமோ.

எகிப்தியன் திரும்பிப் போனான்.
இவன் திரும்பி வந்து தீ வைத்தான்.
தோல் பத்திரமெல்லாம் சுருண்டிருக்கும்.
ஓடு மட்டும்
இன்னும் கெட்டியாக வெந்திருக்கும்.

இப்போது கேபார் கால்வாயில் சேறு அள்ளுகிறேன்.
மக்சேயா எனக்கு இரண்டு ஆள் தள்ளி.
மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை அவருக்கு.
இந்த ஊரில் அடிமையின் கையில்
எசமான் பெயரைச் சூடு போடுகிறார்கள்.
நாங்கள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறோம்.

இரவில் ஆசாரியரின் மகன் அஸ்லியா
தோல்சுருளோடு வருகிறான்.
பழைய சட்டங்கள் நினைவிருப்பவர்கள்
சாவதற்குமுன் சொல்லுங்கள் என்கிறான்.
ஏழாம் வருட விடுதலை. சொன்னேன்.
போகிறவளுக்கு ஆடும் தானியமும். சொன்னேன்.
போகமாட்டேன் என்கிறவனின் காது,
கதவுநிலை, தமரூசி. சொன்னேன்.
தப்பி வந்தவனைத் திருப்பிக் கொடுக்கலாகாது.
இங்கே அதைச் சொன்னால் சிரிப்பார்கள்,
தாழ்ந்த குரலில் சொன்னேன்.
எகிப்தில் நாம் யாராயிருந்தோம் என்பதையும்.

அந்நியரைப் பற்றியதும் வந்தது.
"இதுவும் வேண்டுமா?" என்றான்,
எழுதுகோல் நுனியில் மை திரண்டிருக்க.

தொட்டியடி. வாளி. ஈரமான கயிறு.

"எழுது" என்றேன்.
கொஞ்சம் பொறுத்து,
"ஓரத்தில் இடம் விடு."